விதி மாறும் நாளும் பிள்ளை சேரும் நாளும்

இங்கிலாந்தில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அரசு பணம் தருகிறது என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பணம் எந்த நாளில், எந்தச் சான்றைப் பார்த்து, யாருடைய கணக்குக்கு வருகிறது என்பது தெரிந்தவர்கள் குறைவு. மேற்கு லண்டனில் ஒரு சிறிய பயிற்சி நிறுவனத்தின் தரவுப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். நர்சரிகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள்தான் எங்கள் மாணவர்கள். நம் ஆட்கள் பலர் இங்கே நர்சரி நடத்துகிறார்கள், கேர் ஹோம் நடத்துகிறார்கள், மருந்துக்கடை வைத்திருக்கிறார்கள். அவர்களும், பிள்ளைகளை இந்த வழியில் அனுப்ப நினைக்கும் பெற்றோரும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. "விதி மாறிவிட்டதாமே, இனி என்ன செய்வது?"

என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: பிள்ளை எந்தத் தேதியில் சேர்ந்தது என்று முதலில் சொல்லுங்கள்.

ஏனென்றால் இந்தத் துறையில் விதிகள் பெரும்பாலும் சேரும் தேதியைப் பின்பற்றியே செல்கின்றன. நிதி ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி ஜூலை 31 அன்று முடிகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி விதிப்புத்தகம் வரும். 2024 செப்டம்பரில் சேர்ந்தவருக்கு ஒரு புத்தகம், 2025 செப்டம்பரில் சேர்ந்தவருக்கு வேறொன்று. இருவரும் ஒரே நர்சரியில், ஒரே அறையில், ஒரே பயிற்சியைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். ஆனாலும் ஒருவருக்குப் பயிற்சி மணிநேரம் ஒரு விதமாகவும் மற்றவருக்கு வேறு விதமாகவும் கணக்கிடப்படும். இதற்கு நடுவில், ஆண்டின் பாதியில் வரும் திருத்தங்கள் சில ஏற்கனவே சேர்ந்தவர்களுக்கும் பொருந்தும், சில பொருந்தா. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மாணவரின் கோப்பிலும் முதல் பக்கத்தில் சேர்ந்த தேதியையும், அந்தத் தேதிக்குரிய விதிப்புத்தகத்தின் ஆண்டையும் பெரிதாக எழுதி வைக்கிறோம். கேட்பதற்கு இது சின்ன விஷயம். தணிக்கையாளர் வந்து உட்காரும் நாளில் எங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு பக்கம்தான்.

பணத்தின் ஓட்டத்தைச் சொல்கிறேன். 2017 ஏப்ரலில் லெவி வந்தது, அதாவது அப்ரண்டிஸ் பயிற்சிக்காகப் பெரிய முதலாளிகளிடம் வாங்கும் வரி. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுணைத் தாண்டும் முதலாளிகள் அதில் 0.5 சதவீதத்தைச் செலுத்துகிறார்கள். அந்த அளவுக்குக் கீழே உள்ள சிறிய முதலாளிகள் லெவி கட்டுவதில்லை. அவர்களுடைய அப்ரண்டிஸ்களுக்கு அரசு பெரும்பங்கைத் தரும், முதலாளி ஒரு சிறு பங்கைத் தர வேண்டும். முதலில் அந்தப் பங்கு 10 சதவீதம், 2019 ஏப்ரலிலிருந்து 5 சதவீதம்.

ஒரு பயிற்சியின் விலை 7,000 பவுண் என்றும் காலம் 14 மாதம் என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம், அதாவது 5,600 பவுண், மாதம் 400 என்று பிரிந்து வரும். மீதி 1,400 பவுணும் பிள்ளை இறுதி மதிப்பீட்டை எழுதி முடித்த பிறகே வரும். சீட்டில் கடைசிக் கைக்குக் காத்திருப்பவரின் நிலைதான் பயிற்சி நிறுவனத்தின் நிலை. பிள்ளை நடுவில் நின்றுவிட்டால் அந்தக் கடைசித் தொகை கிடையாது. ஆனால் பயிற்றுநருக்குச் சம்பளம் முதல் மாதத்திலிருந்தே கொடுத்தாக வேண்டும். இறுதி மதிப்பீட்டைச் செய்யும் அமைப்புக்கும் அந்த 7,000க்குள்ளிருந்துதான் கொடுக்க வேண்டும். சிறிய பயிற்சி நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், கடைசி 20 சதவீதத்தை வருமானமாக எழுதாமல் வரவுசெலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அப்படிப் போட்டும் கணக்கு நிற்குமானால் தொடங்கலாம்.

மாத முடிவு எங்களுக்கு எப்படியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவரைப் பற்றிய தரவையும் ஐ.எல்.ஆர். என்ற கோப்பாக மாதந்தோறும் அரசுக்கு அனுப்புகிறோம். அடுத்த மாதத்தின் நான்காவது வேலை நாள் கடைசி நாள். மாதத்தின் கடைசித் தேதியில் அந்தப் பிள்ளை பயிற்சியில் இருந்தாரா என்பதுதான் அந்த மாதத் தவணையைத் தீர்மானிக்கும். 30ஆம் தேதி வேலையை விட்டுப் போனவருக்கும் 31ஆம் தேதி வரை இருந்தவருக்கும் இடையே ஒரு மாதப் பணம் இருக்கிறது. நீண்ட பயிற்சிகளில் முதல் 42 நாட்களுக்குள் ஒருவர் நின்றுவிட்டால், செய்த வேலைக்கு எதுவும் கிடைக்காது.

"பயிற்சியில் இருந்தார்" என்று நாங்கள் சொன்னால் மட்டும் போதாது, சான்று வேண்டும். நல்ல சான்று எப்படியிருக்கும் என்று ஓர் உதாரணம். நர்சரியில் ஒரு பெண், குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி பற்றி ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.30 முதல் 12.30 வரை இணையவழி வகுப்பில் இருந்திருக்கிறார். வகுப்பின் வருகைப் பதிவு இருக்கிறது. அன்று அவருக்குப் பதிலாக அறையில் யார் நின்றார் என்பது நர்சரியின் பணி அட்டவணையில் இருக்கிறது. வகுப்பில் கற்றதைத் தன் அறையில் எப்படிப் பயன்படுத்தினார் என்று அவரே எழுதிய அரைப்பக்கக் குறிப்பு இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே தேதியைச் சொல்கின்றன. இதை எந்தத் தணிக்கையாளரும் அசைக்க முடியாது. மாறாக, "குழந்தை வளர்ச்சி: 3 மணி" என்று மட்டும் எழுதி, ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே பேனாவால் ஒரே நாளில் கையொப்பமிட்ட தாளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளை உண்மையாகவே படித்திருப்பார். ஆனால் அதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத பணத்தை அரசு திரும்பக் கேட்கும். சில சமயம் ஆண்டுகள் கழித்தும் கேட்கும்.

ஆகவே சான்றை அந்த மாதத்திலேயே சேர்த்துவிட வேண்டும். நர்சரி உரிமையாளர்களுக்கும் இது பொருந்தும். பயிற்சி நிறுவனம் பணி அட்டவணையைக் கேட்டால், சம்பளச் சீட்டைக் கேட்டால், தொல்லையென்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்காமல் இருப்பதற்கு அந்தத் தாள்கள் தேவை.

இனி கணிதத்துக்கு வருகிறேன். நான் இந்த வேலையில் பார்த்தவற்றில் என் மனதை அதிகம் வருத்தியதும் பிறகு அதிகம் மகிழ்வித்ததும் இதுதான்.

மூன்றாம் நிலை (ஏ லெவலுக்கு ஈடான நிலை) அப்ரண்டிஸ் ஒருவர் பயிற்சியை முடிக்க வேண்டுமென்றால், தொழிலில் எவ்வளவு திறமை காட்டினாலும், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் இரண்டாம் நிலைத் தகுதி, அதாவது ஜி.சி.எஸ்.இ. தேர்ச்சிக்கு ஈடானது, வேண்டும் என்பது விதியாக இருந்தது. பள்ளியில் ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் தேறாதவர்கள் அதற்குப் பதிலாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற நடைமுறைத் திறன் பரீட்சையை எழுத வேண்டும். 2019இல் அந்தப் பரீட்சையையும் மாற்றினார்கள், அதில் ஒரு பகுதியைக் கால்குலேட்டர் இல்லாமல் செய்ய வேண்டும் என்று வந்தது.

எங்களிடம் ஒரு பெண் படித்தார். கைக்குழந்தைகள் அறையில் அவரைப் போல் வேலை செய்பவரை நான் அதிகம் கண்டதில்லை. எந்தக் குழந்தைக்கு எத்தனை கரண்டி பால்மா, எத்தனை மில்லிலீட்டர் தண்ணீர், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தது என்பதைக் குறிப்பைப் பாராமலே சொல்வார். ஒரு வயதுக் குழந்தை ஒன்று ஒரு பக்கக் காதால் சரியாகக் கேட்கவில்லை என்பதைப் பெற்றோருக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர். ஆனால் கால்குலேட்டர் இல்லாத தாளில் பின்னத்தையும் விகிதத்தையும் கண்டால் கை நடுங்கும். ஒவ்வொரு தடவையும் சில புள்ளிகள் குறையும். தொழில்சார்ந்த பகுதி எல்லாம் முடிந்து மாதங்கள் கடந்த பின்பும் இறுதி மதிப்பீட்டின் வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார். சம்பள உயர்வு நின்றது. அவருடைய நர்சரிக்கு அவர் தகுதி பெற்ற ஊழியராகக் கணக்கில் வரவில்லை. எங்களுக்கு அந்த 20 சதவீதம் வரவில்லை. இப்படிப் பலர் இருந்தார்கள். 2022-23இல் இங்கிலாந்து முழுவதும் அப்ரண்டிஸ் பயிற்சியைத் தகுதியோடு முடித்தவர்கள் 54.3 சதவீதம்தான். நின்றுபோனவர்கள் எல்லோரும் கணிதத்தால் நின்றவர்கள் அல்லர். குறைந்த சம்பளம், வேலை மாற்றம், மோசமான பயிற்சி என்று காரணங்கள் பல. ஆனால் எங்கள் நர்சரிப் பிள்ளைகளிடையே கணிதம் பெரிய காரணம்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. தேசிய அப்ரண்டிஸ்ஷிப் வாரம் நடந்துகொண்டிருந்தது. சேரும்போது 19 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தவர்களுக்கு இந்த ஆங்கில, கணிதத் தகுதி இனிக் கட்டாயமில்லை, வேண்டுமா வேண்டாமா என்பதை முதலாளி முடிவு செய்யலாம் என்று அரசு அறிவித்தது. ஏற்கனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. அன்று மதியத்துக்குள் பட்டியல் எடுத்தோம். அந்தப் பெண் சேரும்போது அவருக்கு 20 வயது. நர்சரி மேலாளரிடம் எழுத்தில் முடிவு கேட்டோம், பயிற்சித் திட்டத்தைத் திருத்தினோம், அந்தப் பெண், நர்சரி, எங்கள் நிறுவனம் என்று மூன்று தரப்பும் கையொப்பமிட்டன. சில வாரங்களில் அவர் இறுதி மதிப்பீட்டுக்குப் போய்த் தேறினார்.

ஆனால் அதே பட்டியலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கணிதத்தில் தோற்றுத் தோற்று மனம் வெறுத்து, விதி மாறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் பயிற்சியை விட்டவர்களும் இருந்தார்கள். முறைப்படி இடைநிறுத்தம் செய்தவர்களை மீண்டும் அழைக்க முடிந்தது. முற்றாக விலகியவர்கள் மீண்டும் சேர வேண்டுமானால், பயிற்சிக்கு விதித்த குறைந்தபட்சக் காலத்தை (அப்போது 12 மாதம்) நிரப்பும் அளவுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கற்று முடித்தவருக்கு அது எப்படி இருக்கும்? இதனால்தான் தளர்ந்து போகும் பிள்ளைகளிடம் நாங்கள் இப்போது ஒன்றை வற்புறுத்துகிறோம்: விலகாதே, இடைநிறுத்தம் கேள். நோய், மகப்பேறு, குடும்பச் சிக்கல் என்று ஏற்கத்தக்க காரணங்கள் உண்டு. இடைநிறுத்தத்தில் பணம் நிற்கும், பயிற்சி நிற்கும், ஆனால் திரும்பி வரும் வழி அடைபடாது. முதலாளியும் அந்தத் தேதியை உடனே தெரிவிக்க வேண்டும். மகப்பேற்று விடுப்பில் போன பெண்ணுக்கு மூன்று மாதம் பணம் வாங்கியதாகப் பதிவு இருந்தால், பிறகு அதைச் சரிசெய்வதற்குள் எல்லோருக்கும் தலைவலி.

விதி தளர்ந்தது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் அது ஒரே நாளில், நிதி ஆண்டின் நடுவில் வந்தது. ஆங்கிலம், கணிதம் ஒவ்வொன்றுக்கும் அரசு தனியாகப் பணம் தருகிறது. 2024 ஜனவரியில் அந்தத் தொகையை 471 பவுணிலிருந்து 724 ஆக உயர்த்தியிருந்தார்கள். அதை நம்பிப் பல நிறுவனங்கள் கணித ஆசிரியர்களைக் கூடுதல் மணிநேரத்துக்கு எடுத்தன. ஓர் ஆண்டு கழிந்த சில வாரங்களில் மாணவர்களில் பெரும்பகுதியினர் அந்த வகுப்பை விட்டுப் போனார்கள். எங்கள் கணித ஆசிரியர் பொறுமைசாலி. பிள்ளைகளின் பயத்தை அறிந்து, சமையலறைத் தராசையும் அளவுக் குடுவையையும் வகுப்புக்குக் கொண்டுவந்து கற்பித்தவர். அவருடைய மணிநேரம் பாதியாகக் குறைந்தது. ஆகஸ்டில் போட்ட வரவுசெலவுக் கணக்கைப் பிப்ரவரியில் மாற்றச் சொல்லும்போது அந்தச் சுமை இப்படிப்பட்டவர்கள் மேல்தான் விழுகிறது. ஒரு கல்வியாண்டு கால அவகாசம் தந்திருந்தால், பிள்ளைகளுக்கான தளர்வை உடனே கொடுத்து நிறுவனங்களுக்கான பணத்தைப் படிப்படியாகக் குறைத்திருந்தால், இரு பக்கமும் பிழைத்திருக்கும்.

இன்னொன்று. கட்டாயமில்லை என்பதால் எல்லோரும் கணிதத்தை விட்டுவிட வேண்டும் என்றில்லை. உங்கள் மகளோ மகனோ பின்னாளில் ஆசிரியராகவோ தாதியாகவோ வர விரும்பினால் பல்கலைக்கழகம் ஆங்கிலமும் கணிதமும் கேட்கும். வேலை நேரத்தில், அரசின் செலவில், சம்பளத்தோடு படிக்கக் கிடைக்கும் இந்தச் சந்தர்ப்பம் பிறகு வராது. விரும்பினால் படிக்கலாம் என்ற வழி இன்னும் திறந்தே இருக்கிறது. 19 வயதுக்கு முன்பு சேர்பவர்களுக்கு அது கட்டாயமாகவே தொடர்கிறது.

வயதைப் பற்றிப் பேசும்போது பிறந்தநாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலிலிருந்து, லெவி கட்டாத முதலாளிகள் 22 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்த்தால் அந்த 5 சதவீதமும் கட்ட வேண்டியதில்லை, முழுச் செலவும் அரசுடையது. அதற்கு முன் இந்தச் சலுகை 16 முதல் 18 வயதினரைச் சேர்க்கும், 50 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்குத்தான் பொதுவாகக் கிடைத்தது. 22ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் பயிற்சி தொடங்கினால் முதலாளிக்குச் செலவில்லை. மறுநாள் தொடங்கினால், 7,000 பவுண் பயிற்சிக்கு 350 பவுண் கட்ட வேண்டும். கேர் ஹோம் நடத்தும் அக்கா ஒருவர் மார்ச் மாதம் ஆளை எடுத்துவிட்டு, வேலையைப் பழகட்டும் என்று பயிற்சியை மே மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏப்ரலில் 22 வயது. நல்லவேளை, முதல் தொலைபேசி உரையாடலிலேயே பிறந்த தேதியைக் கேட்டோம். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த முழுச் சலுகையை 25 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை நீட்டிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். ஆளை எடுக்குமுன் உங்கள் பயிற்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி: "இவர் எந்தத் தேதியில் தொடங்கினால் எந்த விதியில் வருவார்?"

அந்த 5 சதவீதத்தைக் கட்ட வேண்டியவர்கள் காலத்தோடு கட்டிவிடுங்கள். அது வசூலாகாமல் அரசு கடைசித் தவணையைத் தராது. 16 முதல் 18 வயதினரை எடுத்தால் முதலாளிக்கு 1,000 பவுண் உண்டு, ஓராண்டுப் பயிற்சியில் பாதி 90ஆவது நாளிலும் மீதி ஓராண்டு நிறைவிலும் பயிற்சி நிறுவனம் வழியாக வரும். இதைக் கேட்டு வாங்காத முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 25 வயதுக்குக் குறைந்த அப்ரண்டிஸின் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரை முதலாளியின் தேசியக் காப்புறுதிப் பங்கும் இல்லை. கணக்காளருக்கு இவர் அப்ரண்டிஸ் என்று சொன்னால்தான் சம்பளப் பட்டியலில் அந்தக் குறியீட்டைப் போடுவார்.

சம்பளத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்ரண்டிஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம், 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண் ஆனது, 19 வயதுக்குக் குறைந்தவருக்கும் பயிற்சியின் முதல் ஆண்டில் இருப்பவருக்கும் மட்டுமே. 19 வயதைத் தாண்டியவர் முதல் ஆண்டை முடித்த மறுநாளே அவருடைய வயதுக்குரிய சம்பளத்துக்கு மாறிவிட வேண்டும். 21 வயதென்றால் அது அப்போது 12.21 பவுண். மணிக்கு நான்கரை பவுணுக்கு மேல் வித்தியாசம். இதைத் தவறவிட்டால் பிள்ளைக்கு அநியாயம், முதலாளிக்குச் சட்டச் சிக்கல்.

பயிற்சி நேரத்துக்கான விதி நான் இருந்த காலத்தில் மூன்று உருவம் எடுத்துவிட்டது. முதலில் வேலை நேரத்தில் 20 சதவீதம் வழக்கமான வேலையிலிருந்து விலகிப் படிக்க வேண்டும் என்றார்கள். 2022 ஆகஸ்டில் அதை வாரத்துக்கு 6 மணி என்று மாற்றினார்கள். விடுமுறையைக் கழித்தால் 12 மாதப் பயிற்சிக்குச் சுமார் 278 மணி. 2025 ஆகஸ்ட் 1 முதல் சேர்பவர்களுக்கு ஒவ்வொரு தொழிலுக்கும் இத்தனை மணி என்று அரசே தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது. அதே நாளில் பயிற்சியின் குறைந்தபட்சக் காலமும் 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறைந்தது.

அந்த 8 மாதத்தைக் கேள்விப்பட்டதும் நர்சரி உரிமையாளர்கள் பலர், "அப்படியானால் ஏப்ரலில் எல்லோரும் முடித்துவிடுவார்கள்தானே?" என்று கேட்டார்கள். இல்லை. 8 மாதம் என்பது கீழ் எல்லை. முன்பே அனுபவமோ படிப்போ உள்ளவருக்கு, அதற்குரிய பாடத்தையும் விலையையும் குறைத்து அவரைச் சீக்கிரம் முடிக்க வைக்கலாம். நேற்றுப் பள்ளியை விட்டு வந்த 17 வயதுப் பிள்ளையை எட்டு மாதத்தில் நர்சரி அறைக்குப் பொறுப்பாக்க நான் ஒப்ப மாட்டேன். ஒரு குழந்தை கோடையில் எப்படியிருக்கிறது, புதிய பிள்ளைகள் அழுதுகொண்டு வரும் செப்டம்பரில் எப்படியிருக்கிறது என்று முழு ஆண்டையும் பார்த்தால்தான் இந்தத் தொழில் கைவரும். வாரத்துக்கு 30 மணிக்குக் குறைவாக வேலை செய்பவருக்குக் காலம் அதற்கேற்ப நீளும். பழைய 12 மாதக் கணக்கில் வாரம் 20 மணி வேலை செய்பவருக்கு 18 மாதம் ஆனது. ஆட்குறைப்பு வந்து பிள்ளையின் மணிநேரத்தைக் குறைக்கும் முதலாளி அன்றே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

வேலையே போய்விட்டால்? நர்சரிகள் மூடப்படுவதை இந்த ஆண்டுகளில் அதிகம் பார்க்கிறோம். நாங்கள் பயிற்சி தந்த இடமொன்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஊழியர்களைக் கூப்பிட்டு, மாத முடிவோடு மூடுகிறோம் என்று சொன்னது. அங்கே எங்கள் பிள்ளைகள் இருவர். அவர்களில் ஒருவர் பயிற்சியில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தார். அப்படித் தாண்டியவருக்கும், முடிவதற்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருப்பவருக்கும், முதலாளி இல்லாமலே பயிற்சியை முடிக்க அரசு பணம் தரும். மற்றவர் பாதியில் இருந்தார். அவருக்குப் புதிய முதலாளியைத் தேட 12 வாரம் உண்டு. திங்கட்கிழமை காலையே எங்கள் பட்டியலில் உள்ள எல்லா நர்சரிகளுக்கும் தொலைபேசி எடுத்தோம். ஹெய்ஸ் பக்கம் ஒரு நர்சரி அவரைப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டது. அந்த 12 வாரமும் வேலை போன நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டால் அது கரைந்துவிடும். உங்கள் வீட்டில் அப்ரண்டிஸாக ஒரு பிள்ளை இருந்து வேலை போனால், அன்றே பயிற்சி நிறுவனத்துக்குச் சொல்ல வையுங்கள்.

பொறுப்பான அலுவலகங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பணம் தந்த ஈ.எஸ்.எஃப்.ஏ. என்ற அரசு அமைப்பு 2025 மார்ச் 31 அன்று மூடப்பட்டு, வேலைகள் கல்வித் துறைக்குள் போயின. பயிற்சித் தரங்களை வகுத்த நிறுவனம் ஜூனில் மறைந்து அதன் இடத்துக்கு ஸ்கில்ஸ் இங்கிலாந்து வந்தது. செப்டம்பரில் அப்ரண்டிஸ்ஷிப் பொறுப்பே வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்கு மாறியது. முதலாளிகளுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பழைய பெயரில் மின்னஞ்சல் வந்து வங்கி விவரம் கேட்டால், பதில் அனுப்புமுன் உங்கள் பயிற்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. நம் வீடுகளில் கணக்காளர் படிப்புக்கு இருக்கும் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். பட்டம் முடித்து 22, 23 வயதில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, ஏழாம் நிலை (முதுகலைப் பட்டத்துக்கு ஈடான நிலை) அப்ரண்டிஸாக, கடனில்லாமல் பட்டயக் கணக்காளர் ஆகும் வழியில் பல பிள்ளைகள் போனார்கள். 2026 ஜனவரி 1 முதல் ஏழாம் நிலையில் புதிதாகச் சேர்பவர்களில் 16 முதல் 21 வயதினருக்கு மட்டுமே லெவிப் பணம் கிடைக்கும். அரசின் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும் சிறப்புக் கல்வித் திட்டம் உள்ளவர்களுக்கும் மட்டும் 25 வயதுக்குள் விலக்கு. அதற்கு முன் சேர்ந்தவர்கள் முடியும் வரை படிக்கலாம். 2025 இலையுதிர்காலம் முழுவதும் பெற்றோர் பலர் பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தார்கள்.

அவர்களுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஏழாம் நிலை அடைபட்டதால் கணக்காளர் வழி அடைபடவில்லை. ஏ லெவல் முடித்த 18 வயதில் நான்காம் நிலையில் தொடங்கினால், 21 முடிவதற்குள் ஏழாம் நிலைக்குள் கால் வைக்க முடியும். அதற்குத் திட்டமிட வேண்டியது பன்னிரண்டாம் வகுப்பில், பட்டம் முடித்த பிறகு அல்ல. பட்டம் முடித்த பிள்ளையென்றால், பரீட்சைச் செலவை நிறுவனமே தன் பணத்தில் ஏற்கும் பயிற்சி ஒப்பந்தங்கள் பெரிய நிறுவனங்களில் தொடர்கின்றன. நேர்முகத்தில், "இந்த இடத்துக்கான பயிற்சிச் செலவு லெவியிலிருந்து வருகிறதா, உங்கள் சொந்தப் பணமா?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். சொந்தப் பணமென்றால் அடுத்த கேள்வி: இடையில் விலகினால் அல்லது பரீட்சையில் தோற்றால் அந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டுமா? லெவிப் பணத்தில் படிப்பவரிடம் பயிற்சிச் செலவைத் திரும்பக் கேட்க முதலாளிக்கு அனுமதியில்லை. சொந்தப் பணத்தில் படிப்பிக்கும் நிறுவனம் ஒப்பந்தத்தில் அதை எழுதலாம், பல நிறுவனங்கள் எழுதுகின்றன. கையொப்பமிடும் முன் அந்தப் பத்தியைப் பெற்றோரும் ஒரு தடவை வாசியுங்கள்.